இருபத்தொன்பது

லா பாஸ், மூவாயிரத்து அறுநூறு மீட்டர்.
மூன்றாம் மாடி எட்டுவதற்குள்
மூச்சு என்னை விட்டுவிட்டு முன்னால் ஓடுகிறது.
சாந்தா க்ரூஸின் சமவெளிக்காரி நான்,
மலைக்கு வந்து பதினோரு நாள்.

ஏழாம் படுக்கையில் லிம்பெர்ட் அபாசா.
பத்தொன்பது வயது. மினிபஸ் கதவில் தொங்கி
நிறுத்தங்களைக் கூவுகிற வேலை:
சேஹா, சேஹா, சேஹா, இரண்டு இடம் காலி!
வளைவில் கதவு கழன்றது.
கூவிய தொண்டைக்குள் இப்போது குழாய்.
இயந்திரம் அவனுக்காக மூச்சுவிடுகிறது
நிமிடத்துக்குப் பதினாறு,
யாரையும் கூப்பிடாமல்.

வேகமாய் ஊதினால் கரியமிலவாயு வெளியேறும்,
மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும்,
வீக்கம் தணியும். கூடவே சோறும் குறையும்.
மெதுவாய் ஊதினால் வாயு தேங்கும்,
குழாய்கள் விரியும், ரத்தம் பெருகும்.
மண்டையோடு மட்டும்
ஒரு நூலிழை விட்டுத்தராது.

திரையில் அந்த வாயுவின் அளவு இருபத்தொன்பது.
பையனைப் பட்டினி போடுகிறார்களே என்று பதறினேன்.
முப்பத்தெட்டு என்றது படித்த பாடம்.
பதினாறைப் பத்தாகக் குறைத்தேன்.
மணி இரண்டு பத்து.
யாரிடமும் கேட்கவில்லை.

நெற்றிப்பொட்டில் பசை தடவி
டாப்ளரின் முனையை வைத்தேன்.
கடல்.
கரையை இழந்து நூறாண்டு தாண்டிய நாட்டில்
ஒரு பையனின் தலைக்குள் கடல்.
ஏறும் அலை, பிறகு இறங்கும் அலை,
இறங்கிய பிறகும் ஓயாமல்
மணலில் இழுபடும் ஒரு நுரைச் சத்தம்.
அந்த நுரைக்காகத்தான் காது கொடுப்பது.
இதயம் ஓய்வெடுக்கும் அரை நொடியிலும்
மேலே ரத்தம் போகிறது என்பதற்கு
வேறு சாட்சி எங்களிடம் இல்லை.

முப்பத்திரண்டு. முப்பத்தைந்து.
அலை கூர்மையாகிறது, நுரை மெலிகிறது.
முப்பத்தெட்டு: நான் கேட்ட எண்.
அலைக்கும் அலைக்கும் நடுவில்
ஒன்றுமில்லை.
வலது கண்ணின் கருமணி
ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

யூலோகியா கல்யிசாயா, இரவுத் தாதி,
என்னைத் திட்டவில்லை.
டார்ச்சைக் குளிர்பெட்டிக்கு மேல் சுவரில் அடித்தாள்.
பிளாஸ்திரி ஒட்டிய பழுப்புத் தாள்,
தலைப்பு: எங்கள் ரத்தம்.
பெனீத்தா, துப்புரவு, முப்பது.
ஃப்ரோய்லான், வாயிற்காவல், இருபத்தெட்டு.
சமையலறை டெமெத்ரியோ, இருபத்தொன்பது, அடைப்புக்குள் 'பயந்தான்'.
யூலோகியா, இருபத்தொன்பது.
"புத்தகத்தைக் கடற்கரையில் உட்கார்ந்து எழுதிவிட்டார்கள், டாக்டர்.
இங்கே நாங்கள் பிறந்ததிலிருந்தே
கொஞ்சம் கூடுதலாக மூச்சுவிடுகிறவர்கள்."

ஏட்டுச் சுரைக்காயை
இரண்டாயிரம் பக்கம் படித்தவள் நான்.
பத்திலிருந்து பதின்மூன்று. பிறகு பதினாறு.
நுரையீரலை விரித்துவைக்கும் அழுத்தத்தில் இரண்டு புள்ளி குறைத்தேன்:
நெஞ்சு இறுகினால்
தலையிலிருந்து இறங்கும் ரத்தம்
சேஹா சந்திப்பின் மாலை நேரம்போல் அடைத்துக்கொள்ளும்.
யூலோகியா தலைமாட்டை உயர்த்தினாள்,
கழுத்தில் குழாயைக் கட்டிய நாடாவை
ஒரு விரல் அளவு தளர்த்தினாள்.
பிறகு இருவரும் நின்றோம்,
நெற்றிப்பொட்டில் என் கை,
என் கை நடுங்காமல் அதன்மேல் அவள் கை.

மூன்று ஐந்துக்கு நுரை வந்தது.
கொஞ்சம்தான். முதலில்
என் காதின் இரைச்சலோ என்று சந்தேகப்பட்டேன்.
கருமணி விடியும்வரை முழுதாகச் சுருங்கவில்லை.

நடையில் அவன் அக்கா ரூஃபினா,
அவன் செருப்பு ஒன்றை மடியில் வைத்திருந்தாள்.
மற்றது கிடைக்கவில்லையாம்.
"மூச்சு விடுகிறானா?" என்றாள்.
விடுகிறான் என்பது பொய்.
இல்லை என்பதும் பொய்.
இரவில் நான் செய்ததைச் சொன்னேன், எண்களோடு.
புரிந்ததா தெரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள்,
பிறகு செருப்பைக் கை மாற்றிக்கொண்டாள்.

கேஸ் தாளில் எழுதினேன்: இரண்டு பத்து, என் முடிவு, என் பிழை.
கையை நீட்டினேன்.
யூலோகியா மணிக்கட்டில் ஊசி போட்டாள்,
நல்ல வலி.
பழுப்புத் தாளின் கடைசி வரியில்
என் பெயரைத் தப்பும் தவறுமாய் எழுதி
பக்கத்தில் முப்பத்துமூன்று என்றாள்.
இன்னும் மேலே வந்து சேரவில்லை நீங்கள்.

உள்ளே இயந்திரம் பதினாறு, பதினாறு.
கீழே தெருவில் முதல் மினிபஸ்,
வேறு யாரோ ஒரு பையன் கூவிக்கொண்டு போகிறான்.